ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு வித்தியாசமான கணக்கு எங்கே கிடைக்கும்?

சேலத்துப் புத்தகக் கடைகளில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பயிற்சிப் புத்தகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் வாக்கியக் கணக்கு என்று வந்தால் பெரும்பாலும் ஒரே சரக்குதான். ‘கழித்தல்’ என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் பிள்ளை கேள்வியைப் படிக்கவே தேவையில்லை. பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்தால் மார்க். கை வேகத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கங்காரு கணிதப் போட்டியின் பழைய வினாத்தாள்கள் இதைவிட எவ்வளவோ மேல். சின்ன வகுப்புகளுக்கு 24 கேள்விகள். 3, 4, 5 மதிப்பெண் என்று எட்டெட்டாகக் கடினமாகும். ஏழு வயதுக்கு முதல் எட்டே போதும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே தேர்வு செய்யத் தந்திருக்கும் ஐந்து விடைகளையும் மறைத்துவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் குத்துமதிப்பாக டிக் அடிப்பார்கள். ஆங்கிலத் தாளானால் கேள்வியைத் தமிழில் நீங்களே சொல்லிவிடுங்கள். தடுமாற்றம் மொழியிலா கணக்கிலா என்று அப்போதுதான் பிடிபடும். இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் என்.எம்.டி.சி. (தேசியக் கணிதத் திறன் போட்டி) தேர்வில் தொடக்கநிலைத் தாளே 5, 6ஆம் வகுப்புக்குத்தான். அதற்குக் கீழே வேண்டாம்.

காரிநாயனாரின் பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்தில் ஒரு பலாக் கணக்கு உண்டு: காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி 6ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் சுளை எண்ணிக்கை. 50 முள் என்றால் 60 சுளை. ஏற்காட்டுப் பலா இறங்கும் பருவத்தில் ஒன்றை அறுத்து எண்ணிப் பார்க்கலாம். பொருந்தாமல் போனால் இன்னும் நல்லது, பேச்சு வளரும். அந்நூலின் மற்றக் கணக்குகளில் பல மா, காணி, நாழி என்று பழைய அளவுகளில் போவதால் பெரியவர் கூட இருக்க வேண்டும்.

என் ஓட்டு, ஊரிலிருந்தே நாமாகச் செய்யும் கணக்குக்கு. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து எண்ணினால் 6ஆவது வளைவு, கீழிருந்து எத்தனையாவது? சட்டென்று 14 என்பார்கள். அந்த வளைவுக்குக் கீழே இருப்பவைதான் 14; அது 15ஆவது. விளங்காவிட்டால் ஐந்து புளியங்கொட்டையை வரிசையாக வைத்து, மேலிருந்து 2ஆவதைத் தொடச் சொல்லிக் கீழிருந்து எண்ணவிடுங்கள்.

இன்னொரு வழி, வேண்டாத எண் ஒன்றை நுழைப்பது. சேலத்துத் தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய் வைத்தது) இருக்கிறதே: செட்டுக்கு 2 தட்டுவடை, விலை 30 ரூபாய் என்று வையுங்கள். 35 தட்டுவடையில் எத்தனை செட் போடலாம்? 17 செட், ஒன்று மிச்சம். ‘பதினேழரை’ என்றால் அந்த அரை செட்டை யார் வாங்குவார் என்று கேளுங்கள். முப்பதையும் சேர்த்துப் பெருக்கிக்கொண்டு வந்தால் பென்சிலை வாங்கி வைத்துவிட்டு, கேள்வியை வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.