பில்லில் லோரட்டடின், பைக்குள் வேறு மாத்திரை: வண்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்க

போன மாதம் எனக்கு நடந்தது இது. சிங்கப்பூரில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நான் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றி, விடிவதற்குள் தேக்கா பக்கத்துக் கடைகளுக்குப் போடுகிறவன். வெங்காய மூட்டையைத் தூக்கினால் தும்மல். வீட்டுக்கு வந்து படுத்தால் மெத்தைத் தூசிக்குத் தும்மல். நம் ஊர் ஈரத்தில் தூசிப்பூச்சிக்கு வருஷம் முழுக்கக் கொண்டாட்டம்தானே. அன்றைக்குக் கண், மூக்கு எல்லாம் ஒழுகித் தாங்க முடியாமல் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். பெயர் சொல்லப்போவதில்லை.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். "விடியற்காலை 3 மணிக்கு வேன் எடுக்கிறவன் நான், தூக்கம் வருகிற மருந்து மட்டும் வேண்டாம்" என்றேன். "அப்படியென்றால் லோரட்டடின், அவ்வளவாகத் தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று போதும்" என்று தட்டச்சு செய்தார். வெளியே வந்தால், மருந்து கொடுக்கும் பெண் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை நீட்டி, "மூணு வேளை, சாப்பிட்ட பிறகு" என்றார். டாக்டர் ஒன்று என்றார், இவர் மூன்று என்கிறார். அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். பின்னால் ஆறு பேர் நின்றார்கள், என் மூக்கு வேறு ஒழுகிக்கொண்டிருந்தது. 46 வெள்ளி கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மதியம் ஒன்று, இரவு 8 மணிக்கு ஒன்று, வண்டி எடுக்குமுன் ஒன்று. தும்மல் நின்றுவிட்டது, அதில் பொய்யில்லை. வாய் மட்டும் பஞ்சை மென்ற மாதிரி உலர்ந்து கிடந்தது. கொட்டாவி விட்டேனா என்று கேட்டால், இல்லை. அதுதான் இதில் பயங்கரமே. நான் தெளிவாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிடிஇ விரைவுச்சாலையில் புக்கித் தீமா சாலைக்கு இறங்க வேண்டியவன், பலகையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனேன். பதினோரு வருஷமாகப் போகிற வழி. சுற்றி வந்து ஒரு கோப்பி ஓ குடித்தேன், அப்புறமும் ஓட்டினேன். தேக்காவுக்குக் கொஞ்சம் முன்னால் சிவப்பு விளக்கில் நின்றது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது 'டொக்' என்ற சத்தம். பிரேக்கிலிருந்து கால் தளர்ந்து, வேன் உருண்டுபோய் முன்னால் நின்ற டாக்சியை இடித்திருக்கிறது. கொத்தமல்லிப் பெட்டி ஒன்று சரிந்து என் தோளில் கிடந்தது.

யாருக்கும் அடியில்லை. டாக்சிக்கார அங்கிள் இறங்கி வந்து, பம்பரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். "குடிச்சியா?" என்று மலாயில் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

வீட்டில் என் தங்கை மகள் மருந்தாளர் படிப்புப் படிக்கிறாள். பையைத் திருப்பி, மங்கலாக அச்சாகியிருந்த பெயரைப் பார்த்தாள். "மாமா, இது லோரட்டடின் இல்லை. குளோர்ஃபெனிரமைன், 4 மில்லிகிராம்." பில்லை எடுத்து வைத்துப் பார்த்தோம். பில்லில் லோரட்டடின், பையில் சின்ன மஞ்சள் மாத்திரை. 'தூக்கம் வரலாம், வண்டி ஓட்டாதீர்கள்' என்ற எச்சரிக்கை எங்கேயும் ஒட்டப்படவில்லை.

அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நம்மை விழிப்பாக வைத்திருக்க மூளைக்குள் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் வேண்டும். அதே ஹிஸ்டமின்தான் மூக்கில் தும்மலைக் கிளப்புகிறது. குளோர்ஃபெனிரமைன், டைஃபென்ஹைட்ரமைன் போன்ற பழைய மருந்துகள் மூளைக்குள்ளும் போய் அதை அடைத்துவிடும். லோரட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் மாதிரிப் புதியவை பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடும். செட்டிரிசின் இரண்டுக்கும் நடுவில், சிலருக்குத் தூக்கம் வரும். இன்னொன்று, குளோர்ஃபெனிரமைன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 மணி நேரம் பிடிக்குமாம். ராத்திரி போட்டது காலையிலும் இருக்கும். நான் அதற்கு மேல் மேலாகப் போட்டிருக்கிறேன்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாவில், ஒவ்வாமை உள்ள 40 பேரை ஓட்டுநர் பயிற்சிப் பொறி மாதிரியான ஒன்றில் உட்காரவைத்துச் சோதித்த ஆய்வையும் காட்டினாள். டைஃபென்ஹைட்ரமைன் போட்டவர்கள் மது குடித்தவர்களைவிட மோசமாக ஓட்டினார்களாம். தூக்கமாக இருக்கிறதா என்று கேட்டு அவர்கள் சொன்ன பதிலை வைத்து, யார் மோசமாக ஓட்டுவார் என்று கணிக்க முடியவில்லையாம். டாக்சி அங்கிள் கேட்டது ஒன்றும் தப்பில்லை போல. நம் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 67ஆம் பிரிவிலும் மதுவும் மருந்தும் ஒரே வரியில்தான் வருகின்றன.

மறுநாள் கிளினிக்கில் கேட்டேன். "லோரட்டடின் ஸ்டாக் இல்லை, இதுவும் அலர்ஜி மாத்திரைதானே" என்றார்கள். சரி, ஸ்டாக் இல்லை, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? மருந்துச்சீட்டு எழுதித் தாருங்கள் என்று கேட்டு வெளியே மருந்துக்கடையில் வாங்கியிருப்பேன். இங்கே பெரும்பாலான கிளினிக்கில் மருந்தும் அவர்களே கொடுப்பதால், வேறு வழியே இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வழி இருக்கிறது, கேட்டால் எழுதித் தருவார்கள். இப்போதெல்லாம் கவுண்டரை விட்டு நகருமுன் பையில் உள்ள பெயரையும் பில்லையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன், பின்னால் பத்துப் பேர் நின்றாலும். இருமல் மருந்தையும் சளி மாத்திரையையும் சேர்த்தே பாருங்கள், பலவற்றில் இதே பழைய சரக்கு கலந்திருக்கும்.

டாக்சிக்கு 780 வெள்ளி என் கையிலிருந்து போனது. காப்புறுதிக்குப் போனால் அடுத்த வருஷம் அதைவிட அதிகமாகும் என்று முதலாளி சொல்லிவிட்டார். கிளினிக்கில் மாத்திரைக்கு வாங்கிய 14 வெள்ளியை மட்டும் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள், அதுவும் கையில் இல்லை. அடுத்த முறை வைத்தியத்துக்கு வரும்போது கழித்துக்கொள்வார்களாம்.