முன் பிரேக் பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு, ரெண்டு தடவ வீட்லயே கழட்டி சரிபண்ண அனுபவம்

தூத்துக்குடில 6 வருஷமா ஒரே 150 சிசி பைக்தான், 52,000 கிலோமீட்டர் ஆச்சு. முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். உப்புக்காத்து ஊரு, நட்டு போல்ட்ல இருந்து எல்லாத்துலயும் துரு ஏறிரும், அதனால பிரேக் விஷயத்துல நான் கொஞ்சம் கவனமாத்தான் இருப்பேன்.

மூணாவது வருஷம் ஐப்பசி மழையில வண்டி ரெண்டு வாரம் சும்மா நின்னுச்சு, அப்புறம் எடுத்தா தள்ளவே முடியல, மைலேஜும் குறைஞ்சிருச்சு, ஒரு 10 கிலோமீட்டர் போய்ட்டு வந்து டிஸ்க் மேல ரெண்டு சொட்டு தண்ணி விட்டா சுர்ருனு ஆவியாகுது (கைய வச்சு பாக்காதீங்க, தோல் போயிரும்). ஒரு ஒர்க்‌ஷாப்ல காலிப்பரையே (டிஸ்க்க ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பாகம்) புதுசா மாத்தணும்னாங்க. மனசு கேக்கல, நானே கழட்டுனேன். டிஸ்க்ல உரசுற ரெண்டு பேட்ல ஒரு பேட் நல்லா தேஞ்சிருக்கு, இன்னொண்ணு அப்படியே இருக்கு. காலிப்பர் நகர்ற பின்னுல கிரீஸ் காஞ்சு துரு பிடிச்சுப்போச்சு, அவ்ளோதான். எமரி ஷீட் போட்டு லேசா தேச்சு, பிரேக்குக்குன்னு விக்கிற சிலிகான் கிரீஸ் தடவுனேன். சாதா கிரீஸ் போட்டுறாதீங்க, ரப்பர் உப்பிப்போய் மறுபடி பிடிச்சுக்கும்.

ஆனா ரெண்டாவது தடவ வந்ததுதான் என்னைய ரொம்ப அலைய விட்டுச்சு. அஞ்சாவது வருஷம். காலைல வண்டி எடுத்தா நல்லா இருக்கும், டிராஃபிக்ல பத்து நிமிஷம் பிரேக் பிடிச்சு பிடிச்சு போனா லிவர் கல்லு மாதிரி ஆயிரும், வீல் சுத்தாது, அரைமணி நேரம் நிறுத்துனா தானா விட்டுரும். காலிப்பர் பின்ன கழட்டி பாத்தேன் சுத்தமா இருக்கு, பேட்ட தள்ளுற பிஸ்டனும் கையால தள்ளுனா உள்ள போகுது.

அப்பதான் இந்த டெஸ்ட் பண்ணேன், நீங்களும் எந்த பார்ட்டும் வாங்குறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க. பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போதே காலிப்பர்ல இருக்கிற பிளீடிங் நிப்பிள்ல (ஆயிலயும் ஏரையும் வெளிய விடுற சின்ன திருகு) டியூப் மாட்டி கால் சுத்து லூஸ் பண்ணணும். ஆயில் பீச்சியடிச்சு வீல் ஃப்ரீயாச்சுன்னா பிரஷர் உள்ள மாட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ஃப்ரீ ஆகலன்னா பிஸ்டனோ பின்னோதான். எனக்கு ஃப்ரீயாச்சு. மறுநாள் அதே மாதிரி பிடிச்சப்போ மேல மாஸ்டர் சிலிண்டர்ல (லிவர் பக்கத்துல இருந்து ஆயில தள்ளுற பாகம்) ஹோஸ், அதாவது ஆயில் போற குழாய், சேர்ற போல்ட்ட லூஸ் பண்ணேன், அங்கயும் விட்டுருச்சு, அப்ப ஹோஸ்ல அடைப்பு இல்ல, கோளாறு மாஸ்டர் சிலிண்டர்லதான்.

மாஸ்டர் சிலிண்டர் மேல இருக்கிற ஆயில் டப்பா மூடிய திறந்து பாத்தா அடியில ரெண்டு ஓட்டை இருக்கும், ஒண்ணு பெருசு, ஒண்ணு ஊசிமுனை அளவு. லிவர விட்டதும் சூட்டுல விரிஞ்ச ஆயில் அந்த சின்ன ஓட்டை வழியாத்தான் திரும்பி வரணும். நல்ல நிலைமையில இருந்தா லிவர லேசா அழுத்தும்போது அதுலருந்து குட்டியா ஊத்து மாதிரி ஆயில் எழும்பும், எனக்கு ஒண்ணுமே வரல, பழுப்பு நிறத்துல பசை அடைச்சிருந்துச்சு. கரண்டு வயருக்குள்ள இருக்கிற ஒத்த செம்பு இழைய விட்டு பதமா குத்தி எடுத்தேன், சிலிண்டர கழட்டி பிரேக் ஆயில்லயே கழுவி சீல் கிட் மாத்துனேன். பெட்ரோல்ல கழுவுனா சீல் கெட்டுரும். டேங்க் மேல ஆயில் சிந்துனா உடனே தண்ணி ஊத்துங்க, பெயிண்ட அரிச்சிரும்.

பசை வந்தது என் தப்புதான், 5 வருஷமா ஆயிலே மாத்தல. டாட் 4ங்கிற வகை பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், புதுசுல 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், ஈரம் ஏறுனா 155 கிட்டயே கொதிச்சிரலாம். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திருங்க. மாத்துன பிறகு ஏர் முழுசா எடுத்து, லிவர் கெட்டியா நிக்குதான்னு பாக்காம தெருவுல இறக்காதீங்க, இத கெஞ்சி கேக்குறேன்.

பின்னாடி டிரம்ல கேம் (பிரேக் ஷூவ விரிக்கிற தண்டு) காஞ்சு ஒரு தடவ பிடிச்சுச்சு, துளி கிரீஸ் போட்டதும் சரியாச்சு, ஷூல மட்டும் படக்கூடாது.

சரிபண்ணி 11 மாசம், 9,000 கிலோமீட்டர் ஓடிருச்சு, வாரம் ஒருக்கா முன் வீல தூக்கி சுத்தி பாக்குறேன், ஃப்ரீயா சுத்துது. ஹோஸ் மேல மட்டும் மெல்லிசா வெடிப்பு தெரியுது, இந்த மழைக்கு முன்னாடி அத மாத்தணும்.