மாண்டிசோரி பள்ளியில் என் மகளின் ஒன்பது ஆண்டுகள்

என் மகள் தென்சென்னையிலுள்ள ஒரு தனியார் மாண்டிசோரி பள்ளியில் 2015 ஜூன் மாதம், மூன்று வயது நிறைவதற்குச் சற்று முன்னரே சேர்ந்தாள். 2024 ஏப்ரலில், பன்னிரண்டை நெருங்கும் வயதில், அங்கிருந்து விடைபெற்றாள். இத்தகைய பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று தயங்கும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்பதால், பார்த்தவற்றை முறையாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

சேர்க்கைக்கு முன் நடந்த பெற்றோர் கூட்டத்தில், பாடத்திட்டத்திற்கு முன்பாக, இக்கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியின் வரலாற்றையே சொன்னார்கள். இத்தாலியில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற அவர், ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில், வேலைக்குச் செல்லும் ஏழைப் பெற்றோரின் குழந்தைகளுக்காக 1907 ஜனவரி 6 அன்று ‘குழந்தைகள் இல்லம்’ என்ற தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். பிரம்மஞான சபையின் (தியசாபிகல் சொசைட்டி) அழைப்பை ஏற்று 1939இல் அடையாறுக்கு வந்து, ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 பேருக்கு ஆசிரியப் பயிற்சி அளித்தார். உலகப்போர் காரணமாக 1946 வரை அவர் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியவில்லை. அந்த ஆண்டுகளில் சில கொடைக்கானலில் கழிந்தன. ஆறு வயதில் என் மகள் வாயைப் பிளந்து கேட்ட பிரபஞ்சத் தோற்றக் கதை, விதையையும் விண்மீனையும் ஒரே சங்கிலியில் கோத்துக் காட்டும் அந்தப் பாடமுறை, பெருமளவு நம் நாட்டில்தான் உருப்பெற்றது என்பதை அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமிதமாக இருந்தது. ஏழைக் குழந்தைகளிடம் பிறந்த இம்முறை இன்று எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களே மூச்சுத்திணறிக் கட்டணம் கட்டும் இடத்தில் நிற்பது, அதே அளவுக்கு வருத்தத்தையும் தந்தது.

பருவத்திற்கு ஒருமுறை பெற்றோர் வகுப்பறையின் மூலையில் அமர்ந்து, வாய் திறவாமல் கவனிக்கலாம். முதல் முறை சென்றபோது என் மகள் உருளைக் கட்டையுடன் தரையில் விரித்த பாயில் இருந்தாள். பத்துக் குழிகள், அளவில் படிப்படியாக மாறும் பத்து உருளைகள். ஒன்றை இடம் மாற்றிச் செருகினால், கடைசியில் ஓர் உருளை எந்தக் குழியிலும் இறங்காமல் எஞ்சிவிடும். மூன்றாவது உருளையிலேயே அவள் தவறியது எனக்குத் தெரிந்தது. எழுந்து சென்று திருத்தக் கை பரபரத்தது. இரண்டு முழத் தொலைவில் இருந்த ஆன்ட்டி (அங்கே ஆசிரியரைக் குழந்தைகள் அப்படித்தான் அழைப்பார்கள்) அசையவே இல்லை. எஞ்சிய உருளையைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்த மகள், எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி தொடங்கினாள். அன்று அதைப் பதினொரு முறை செய்தாள். “தப்பு” என்ற சொல்லை யாருமே உச்சரிக்காமல் ஒரு குழந்தை தன் தவறைத் தானே கண்டடைய முடியும் என்பதை நான் கற்றது அந்த மூலையில்தான். பெரியவர் பொறுத்திருப்பதே இப்பள்ளியின் ஆதார மதிப்பு என்று இன்றும் கருதுகிறேன்.

ஒவ்வொரு கருவியும் வகுப்பில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வேறொரு குழந்தை எடுத்திருந்தால் அது அலமாரிக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று வயதினரும் ஐந்து வயதினரும் ஒரே அறையில் இருப்பதால், காத்திருக்கும் சிறியவள் பெரியவள் செய்வதைப் பார்த்தே பாதி கற்றுவிடுகிறாள்.

குறை என்று நான் அழுத்திச் சொல்ல வேண்டியது தமிழைப் பற்றி. விரலால் தடவி எழுத்தின் வடிவத்தைப் பழகுவதற்கான உப்புத்தாள் எழுத்துகள் ஆங்கிலத்திற்கு ஆயத்தமாகக் கிடைத்தன. தமிழுக்கு ஆன்ட்டிகளே இரவு கண்விழித்து வெட்டி ஒட்டினார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் வெட்டிய எழுத்துகளைக் கொண்டு சொல் அமைக்கும் பயிற்சி, காதில் விழும் ஒலியின் வரிசையிலேயே எழுத்துகளை அடுக்குவது. தமிழில் ‘கொ’ என்று அமைக்க, ககரத்திற்கு முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் காலும் வைக்க வேண்டும். ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் பிரியும் இந்த இடத்திற்கென்று தனியாக எதுவும் அங்கே வகுக்கப்பட்டிருக்கவில்லை. அறையில் பேச்சும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்ததால், என் மகள் ஆங்கிலத்தை ஐந்து வயதிலும் தமிழை ஏழரை வயதிலும்தான் தடையின்றி வாசித்தாள். 2020இல் பள்ளி மூடப்பட்டபோது, திரைவழி வகுப்பைக் குறைத்து, பருப்பு புடைப்பது, பூண்டு உரிப்பது, சந்தைக் கணக்கு எழுதுவது ஆகியவற்றைக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த மாதங்களில் பாட்டியுடன் சேர்ந்து எழுதிய மளிகைப் பட்டியல்களே அவளுடைய தமிழைத் தேற்றின.

ஆறாம் வகுப்பிற்கு வழக்கமான பள்ளிக்கு மாறியபோது முதல் பருவம் கடினமாக இருந்தது. கணக்கு தெரிந்தும் குறித்த நேரத்திற்குள் விடைத்தாளை முடிக்க இயலவில்லை. பத்தின் சட்டம், நூறின் சதுரம், ஆயிரத்தின் கனசதுரம் என்று தங்க நிற மணிகளைக் கையால் எடுத்துப் பழகியவளுக்கு இடமதிப்பில் குழப்பமே இல்லை; வேகம்தான் இல்லை. அரையாண்டுத் தேர்வுக்குள் அதுவும் ஓரளவு வந்துவிட்டது.

இளையவனுக்கு வரும் ஜூனில் மூன்று வயதாகிறது. அதே பள்ளிக்கு விண்ணப்பித்திருக்கிறோம். இம்முறை ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கால் ஆகியவற்றைத் தனித்தனியாக உப்புத்தாளில் நானே வெட்டத் தொடங்கியிருக்கிறேன். ஒரு படி எங்கள் வீட்டிற்கு, ஒரு படி வகுப்பறைக்கு.