ஒயர்லெஸ் அலாரம்: பின்கதவைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

காரைக்குடிப் பக்கத்து ஊர்களில் பூர்வீக வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பங்குனியில் முன்னோர்களுக்கான படைப்புக்காகச் சென்னையிலிருந்து போய் வீட்டைத் திறந்தோம். இரண்டாம் கட்டின் பின்கதவு நெம்பித் திறக்கப்பட்டிருந்தது. மாமியார் சீராகக் கொண்டுவந்த நான்கு செம்பு அண்டாக்கள், இரண்டு குத்துவிளக்குகள், ஸ்வீடன் முத்திரை உள்ள பீங்கான் தூக்குகள், ஓர் அறைவாசலின் மேலே இருந்த தேக்குச் செதுக்குப் பலகை, எதையும் காணோம். அந்த நேரத்திலும் என் கைப்பேசிச் செயலியில் ஒன்பது சென்சார்களும் பச்சை நிறத்தில் இருந்தன. "அனைத்தும் இயல்பு" என்று எழுதியிருந்தது.

ஒயர்லெஸ் அலாரத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சுவர். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து மெருகேற்றிய பூச்சு அது. ஒயர் பதிக்கக் காடி வெட்டினால் அதைப் பழையபடி பூசித்தர ஆள் கிடைப்பது அரிது. பொருத்த வந்தவர் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "ஆச்சி, ஒரு ஆணிகூட ஆழமாக அடிக்க மாட்டேன். நூறு மீட்டர் வரை எடுக்கும், நீங்கள் சென்னையில் நிம்மதியாகத் தூங்கலாம்" என்றார். 46,000 ரூபாய் வாங்கினார். முகப்புக் கதவைத் திறந்து காட்டினார், தெரு முழுக்கச் சைரன் கேட்டது. அதோடு எனக்குத் திருப்தி வந்துவிட்டது. பின்கதவையும் திறந்து காட்டுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு மாதத்தில் வேறொரு தொல்லை தொடங்கியது. திறந்த வளவுக்குள், அதாவது நடு முற்றத்துக்குள், இரவில் வௌவால் வந்தால் சைரன் அடித்தது. வெப்பம் நகர்வதைக் கண்டுதான் அந்த அசைவு சென்சார் விழித்துக்கொள்ளும். அக்கம்பக்கத்தார் சங்கடப்பட்டதால் பொருத்தியவரை அழைத்துச் சொன்னேன். அவர் ஒருமுறை போய்வந்து "சரிசெய்துவிட்டேன், ஆச்சி" என்றார். சத்தமும் நின்றது. வளவில் இருந்த இரண்டு அசைவு சென்சார்களையும், சென்சார்களின் சேதியை வாங்கும் மையப் பெட்டியான பேனலில் செயல்படாதபடி அணைத்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது திருட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. என் மனம் ஆறாதது இந்த இடத்தில்தான். பொருள் மோசமானது என்றால் ஏமாந்தோம் என்று விட்டுவிடலாம். காவலை எடுத்துவிட்டு, எடுத்ததை வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருப்பதற்கு என்ன பெயர்?

பிறகு அலாரம் பொருத்தும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கும் இரண்டு பேரை அழைத்து வீட்டைக் காட்டினேன். மதுரையிலிருந்து வந்தவர் நகைக்கடைகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் வேலை செய்பவர், வயதானவர். அவர் பின்கதவுச் சென்சாரைக் கழற்றி உள்ளே காட்டினார். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. "இது ஒருவழிச் சென்சார், அம்மா. கதவு திறந்தால் 433 மெகாஹெர்ட்ஸில் ஒருமுறை கூவும், அவ்வளவுதான். பேனலுக்குக் கேட்டதா என்று அதற்குத் தெரியாது. இது செத்துப்போனாலும் பேனலுக்குத் தெரியாது" என்றார். அப்படியானால் நான் பார்த்துக்கொண்டிருந்த பச்சைக்குப் பொருள், அந்தச் சென்சாரிடமிருந்து எந்தச் சேதியும் வரவில்லை என்பது மட்டுமே. அது அனுப்பும் குறியீடும் மாறாத ஒன்று. மலிவான நகல் ரிமோட் ஒன்று அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒயர்லெஸ் என்றாலே அவருக்கு ஒப்புதல் இல்லை. அந்தச் சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு. 2014இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த லோகன் லாம்ப், பெயர்பெற்ற வீட்டு அலாரங்களின் ரேடியோ சமிக்ஞைகளையே வெளியிலிருந்து அடக்கிவிட முடியும் என்று காட்டியிருக்கிறார்.

இரண்டாமவரான காரைக்குடிக்காரர் அதை ஏற்கவில்லை. இப்போது வரும் இருவழிக் கருவிகள் வேறு ரகம் என்பது அவர் கருத்து. சென்சார் குறிப்பிட்ட இடைவெளியில் "இருக்கிறேன்" என்று பேனலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும், பேனல் பதில் கொடுக்கும், பேசுவது குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், யாராவது அலைவரிசையை அடைத்தால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும். பேட்டரி இறங்கினால் வாரக்கணக்கில் முன்பே சொல்லிவிடும். "இந்தச் சுவரை வெட்டுவது பாவம், ஆச்சி. ஒயர்லெஸ்தான் சரி. ஆனால் பேனலை முகப்பில் வைத்தது தவறு" என்றார். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு இது. நூறு மீட்டர் என்பது திறந்த வெளிக்கணக்கு. இத்தனை கனமான சுவர்களைத் தாண்டிப் பின்கதவுச் சமிக்ஞை முகப்புக்கு வந்து சேரவே இல்லை. புது பேட்டரி போட்டு அவர் பின்கதவைத் திறந்து மூடினார், பேனல் அசையவில்லை. முதல் நாளிலிருந்தே அந்தக் கதவுக்குக் காவல் இருந்ததில்லை.

இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் மின்சாரம். நம் ஊர்ப் பராமரிப்பு மின்தடை காலை முதல் மாலை வரை நீளும். வைஃபை ரௌட்டர் உடனே அணைந்துவிடும். பேனலுக்குள் இருக்கும் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், இணையம் போனால் சிம் வழியாகச் செய்தி வருமா, அந்த சிம்மை யார் ரீசார்ஜ் செய்வது என்று வாங்கும் முன்பே கேளுங்கள். எங்கள் பேனலில் சிம் போடும் இடம் இருந்தது, சிம் இல்லை.

காவல் நிலையத்தில் புகார் பதிவாகியிருக்கிறது. பொருத்தியவர் முதலில் "திருட்டுக்கு நான் பொறுப்பா?" என்றார், பிறகு அழைப்பை எடுப்பதே இல்லை. அவர் கொடுத்த பில்லில் "அலாரம் செட் 1" என்று மட்டும் இருக்கிறது. மாடல் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. இருந்தாலும் பணம் அனுப்பிய வங்கிப் பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

காரைக்குடிக்காரரே இப்போது புதிய கருவியைப் பொருத்தியிருக்கிறார். பேனல் வளவின் நடுவில், பின்கட்டுக்குச் சமிக்ஞையை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர். ஒவ்வொரு கதவையும் சன்னலையும் நானே திறந்து பார்த்தேன். கடைசியாகப் பின்கதவுச் சென்சாரின் பேட்டரியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "காத்திருங்கள், ஆச்சி" என்றார். திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரத்துக்குள் கைப்பேசியில் செய்தி வந்தது: "பின்கதவு, தொடர்பு இல்லை." அதைப் படித்த பிறகுதான் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.