புங்குடுதீவில் 19 நாள்: கிணறும் குழியும்

ஓகஸ்ட் மாதம் அம்மாவையும் ஒன்பது வயது மகனையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து போய், யாழ்ப்பாணத்துத் தீவான புங்குடுதீவில் பெரியம்மாவோடு 19 நாள் நின்றோம். பெரியம்மாவின் வீட்டுக்குள் ஒரு குழாய்கூடக் கிடையாது. குளிப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் கிணற்றடியில். கக்கூசு பின்வளவில், பூவரசுக்கு அந்தப்பக்கம். நான் போனதே இதை மாற்றத்தான். பெரியம்மாவுக்கு 78 வயது. அவ படுக்கும் அறையோடு சேர்த்து ஒரு குளியலறை கட்டிக்கொடுக்க நானும் தங்கச்சிமாரும் இரண்டு வருடமாகக் காசு சேர்த்திருந்தோம். நாங்கள் நினைத்த இடத்தில் அதைக் கட்டவில்லை. ஊரில் வீடு திருத்த யோசிக்கிற எவரும் குளியலறைக்கு முதல் கிணற்றைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல்நாள் விடியக் கிணற்றுக்குள் வாளியை இறக்கினேன். அது தண்ணீருக்கு மேலே தேங்காய்க் கோம்பை மாதிரி மிதந்துகொண்டு நின்றது. எத்தனை தரம் தூக்கிப் போட்டாலும் அரை வாளிதான் வந்தது. பெரியம்மா பக்கத்தில் வந்து, "பிள்ளை, கயித்தை இறுக்கிப் பிடிக்காதை. கொஞ்சம் தொய்ய விட்டிட்டு, பக்கத்துக்கு ஒரு சுண்டு சுண்டு" என்றா. சுண்டியதும் வாளி வாயை ஒருபக்கம் சரித்து, குளுக்கென்று தண்ணீர் குடித்து, தானாகத் தாழ்ந்தது. கயிறு கையில் கனத்தபிறகுதான் கப்பியில் இழுக்கவேண்டும். மகன் மூன்றாம் நாளே என்னைவிட நன்றாக அள்ளினான். எனக்கு இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டன.

ஒருநாள் முழுக்க வாளிக்கணக்கு எழுதிப் பார்த்தேன். நாலு பேர் குளிக்க 12, கக்கூசுக்கு 6, குசினிக்கு 4, உடுப்புக்கு 6. மொத்தம் 28 வாளி. ஒரு வாளிக்கு எட்டு லீற்றர் என்று வைத்தால் ஏறத்தாழ 225 லீற்றர். அவ்வளவும் ஒருவர் கையால் மேலே வரவேண்டும். நாங்கள் இல்லாத நாளில் பெரியம்மா எட்டு வாளியில் முடித்துவிடுவாவாம். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, குளித்த தண்ணீர் வாய்க்காலால் வாழைக்கு. வீணாகப் போகிற தண்ணீர் என்று அந்த வளவில் ஒன்றுமே இல்லை.

தண்ணீரிலும் வகை உண்டு. மழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை கொட்டும். அதற்குப் பிறகு சித்திரை வரைக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம். ஆடி, ஆவணியில் அது உப்புக் கலந்து சவர்த்தன்மையாகிவிடும். தோய்ந்தால் தலைமயிர் பிசுக்கென்று ஒட்டும், சவர்க்காரம் நுரைக்காது. அந்த மாதங்களில் குடிக்கவும் சமைக்கவும் பவுசரில், அதாவது தாங்கி லொறியில், வருகிற தண்ணீர்தான். வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் குழாய் வரவில்லை.

பவுசர் விசயத்தில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். புதன்கிழமை வரும் என்றார்கள், வரவில்லை. வியாழன் தொலைபேசி எடுத்தபோது "வெளிக்கிட்டிட்டுது" என்றார்கள். வெள்ளி பின்னேரம்தான் வந்தது. அந்த இரண்டு நாளும் அயலில் ஒரு அண்ணை சைக்கிளில் இரண்டு கான் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். எங்களுக்கு அது இரண்டு நாள். தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு வருடத்தில் நாலு மாதம் இதுதான் நிலைமை. வராவிட்டால் வராது என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லக்கூட ஆளில்லாததுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

இரவில் கக்கூசுக்குப் போவது இன்னொரு பாடு. பெரியம்மாவின் அறையிலிருந்து 46 அடி எடுத்து வைக்கவேண்டும். பூவரசு வேர் பாதையில் முண்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அவ தேத்தண்ணி குடிப்பதையே விட்டுவிட்டா. இதை அவ எங்களுக்குச் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் படுத்துக் கண்டுபிடித்தா. சலம் போகவேண்டி வரும் என்று தாகத்தை அடக்கிக்கொண்டு படுக்கிற மனிசி! ஊரில் வயதான பெண்கள் இருக்கிற எல்லாரும் இதைக் கேட்டுப் பார்க்கவேண்டும். அடுத்தநாளே யாழ்ப்பாணம் போய் நடுவில் துளை வைத்த கொமோட் கதிரை ஒன்றும், வெயிலில் சார்ஜ் ஆகிற இரண்டு விளக்கும் வாங்கி வந்தோம். அன்று இரவே அறைக்குள் கதிரை. இத்தனை வருடமாகக் குளியலறைக் கனவு கண்டுகொண்டிருந்த நாங்கள் இந்தச் சின்னச் சாமானை ஏன் முதலே அனுப்பவில்லை என்று அம்மா அழுதா.

பிறகு மேசன் வந்தார். அறைச் சுவரை உடைத்துக் கதவு வைக்கலாம், கக்கூசுக் குழியை வடக்குப் பக்கம் வெட்டலாம், மேலே தாங்கி வைத்து மோட்டர் பூட்டலாம் என்று ஒரு மணித்தியாலத்தில் திட்டம் ரெடி. நான் சும்மா ஒரு அளவு நாடா பிடித்துப் பார்த்தேன். அவர் காட்டிய குழிக்கும் கிணற்றுக்கும் இடையே ஏழு மீற்றர். "இஞ்சை எல்லாரும் இப்பிடித்தான் தங்கச்சி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அயலில் அப்படித்தான் இருக்கிறது. அதுதான் பிரச்சினை.

யாழ்ப்பாணமும் தீவுகளும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கின்றன. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு எங்களுக்கு இல்லை. மழை நிலத்துக்குள் இறங்கி, கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்குவதுதான் கிணற்று நீர். மண் என்றால் வடிகட்டும். வெடிப்பு வழியே போகிற அழுக்கை எதுவும் வடிகட்டாது, போன வேகத்தில் கிணற்றுக்கு வந்துவிடும். அகதி முகாம்களுக்கு வகுத்த உலக நியமமே குழிக்கும் நீர்நிலைக்கும் 30 மீற்றர் கேட்கிறது, வெடிப்புள்ள கல்லில் அதிலும் கூட வேண்டும் என்கிறது.

மோட்டரும் அப்படித்தான். நன்னீர் உவர்நீருக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு என்பது கணக்கு. மேலே ஒரு அடியை இறைத்துத் தீர்த்தால் அடியிலிருந்து உப்பு ஏறி வரும். வாளியால் அள்ளும்போது கை நோகும், நிறுத்திவிடுவோம். மோட்டருக்கு நோகாது. பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டில் தாங்கியும் மோட்டரும் பூட்டி இரண்டு கோடையில் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பாகிவிட்டதென்று பெரியம்மா சொன்னா.

கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுத்தோம். முதலில் போன இடத்தில் எந்தப் போத்தலும் பரவாயில்லை என்று தொலைபேசியில் சொன்னவர்கள், கொண்டுபோனதும் கிருமி நீக்கிய போத்தலில்தான் வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். பஸ்ஸில் போய்வர ஒருநாள் போனது. இரண்டாம் தரம் அவர்கள் தந்த போத்தலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, காலை எடுத்ததை மத்தியானத்துக்கு முன் ஒப்படைத்தோம். நைத்திரேற்று (கழிவாலும் உரத்தாலும் நீரில் சேரும் இரசாயனம்) லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லைக்குக் கீழே இருந்தது. ஆனால் ஈ.கோலை என்ற குடல் கிருமி இருந்தது, அதாவது மனித அல்லது மிருகக் கழிவு கலந்திருக்கிறது. பழைய குழி கிணற்றிலிருந்து 14 மீற்றர்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, குளோரின் போட்டுத் தந்தார், குடிப்பதைக் கொதிக்கவைக்கச் சொன்னார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றும் உப்பும் போகாது என்பதையும் அவரே பொறுமையாக விளங்கப்படுத்தினார். குழந்தைகள் இருக்கிற வீட்டார் கட்டாயம் கிருமி, நைத்திரேற்று இரண்டையும் சோதிக்கவேண்டும்: நைத்திரேற்று கூடினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவமுடியாமல் போகும்.

அதற்குப் பிறகு மேசனோடு மறுபடி இருந்து பேசினோம். அறைச் சுவரை உடைக்கவில்லை. வளவின் கீழ்ப்பக்கம், கிணற்றிலிருந்து 38 மீற்றரில், அடியும் பக்கமும் கொங்கிறீற் பூசி மூடிய தொட்டி. அதற்கு அருகே குந்துவதற்குப் பதிலாக இருக்கக்கூடிய கக்கூசும் குளிப்பறையும். அறையிலிருந்து அதுவரைக்கும் படி இல்லாத சீமெந்து நடைபாதை, ஒருபக்கம் இரும்புப் பிடி. நடை முன்னையதைவிட நீளம். ஆனால் தட்டி விழ வேர் இல்லை, வெளிச்சம் உண்டு. மோட்டர் வாங்கவில்லை, கிணற்றடியில் ஒரு கைப்பம்பும், 500 லீற்றர் பீப்பா ஒன்றும் மாத்திரம். மூடிய தொட்டி நிரம்பினால் கழிவு அள்ளும் பவுசர் வரவேண்டும். எங்கள் ஒழுங்கை அதற்கு ஒடுக்கம் என்பதால், றோட்டிலிருந்து குழாய் நீட்டுகிற தூரத்தை அளந்துதான் தொட்டியின் இடத்தைக் குறித்தோம். பழைய குழியை இறைத்து, சுண்ணாம்பு போட்டு, மண்ணால் மூடினார்கள்.

பெரியம்மாவுக்கு இத்தனை செலவு பிடிக்கவில்லை. நாங்கள் வெளிக்கிடுகிற அன்று காலை அவ நடைபாதையின் பிடியைத் தொட்டு, அந்தத்தலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தா. "வழுக்கேல்லை" என்று மட்டும் சொன்னா. அன்று பின்னேரம் ஆறு மணிக்கு அவவுக்கு அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா, அவ மறுக்காமல் குடித்தா.

நவம்பரில் மழை நிறைத்த பிறகு கிணற்றைக் கலக்கி இறைத்து, மறுபடி தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை பெரியம்மா கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறா. கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் எனக்குத் தொலைபேசி எடுக்கிறா.