முதலீட்டு ஆப்: 2019 முதல் இன்றுவரை என் அனுபவம்

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாதம் 2,000 ரூபாய் எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) போடுவதற்காக 2019-இல் முதல் ஆப்பை இறக்கினேன். பார்க்க அழகாக இருந்தது, கே.ஒய்.சி. அரை மணி நேரத்தில் முடிந்தது. அதற்கு மேல் எதையும் கவனிக்கவில்லை.

ஒரு வருடம் கழித்துத்தான் ஃபண்ட் பெயரின் பின்னால் 'ரெகுலர்' என்று இருப்பது கண்ணில் பட்டது, அதாவது விற்றுத் தருபவருக்குக் கமிஷன் போகும் வகை. 2013 ஜனவரியிலிருந்தே கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் உண்டு. ரெகுலரில் கமிஷன் நம் பணத்திலிருந்தே தினமும் துளித்துளியாகக் கழிகிறது. தனி பில் வராததால் தெரிவதில்லை. சந்தை விழும்போது போன் செய்து தைரியம் சொல்கிற ஏஜென்ட் இருந்தால் அந்தக் கமிஷன் நியாயம்தான். எனக்கு அப்படி யாரும் இல்லை.

அப்புறம் அதே ஆப்பில் ஆப்ஷன்ஸ் (விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டும் வர்த்தகம்) வந்தது. சந்தை திறக்கும் ஒன்பதேகாலுக்கு தினமும் நோட்டிஃபிகேஷன். நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் தம்பி அதைப் பார்த்து உள்ளே போய், கரும்புக்கு வந்த பணத்தில் 18,000 ரூபாயை ஒரே மாதத்தில் விட்டான். 2022 முதல் 2024 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று சந்தையைக் கண்காணிக்கும் செபியே பிறகு சொன்னது. எஸ்.ஐ.பி. மட்டும் போடுகிறவருக்கு அந்தப் பட்டனே இல்லாத ஆப்தான் நல்லது என்பேன்.

2021-இல் வேறு ஆப்புக்கு மாறினேன். பழைய ஆப்பை அழித்தால் பணம் போய்விடுமோ என்று பயம். போகாது. டீமேட் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) இல்லாமல் வாங்கிய யூனிட்டுகள், ஃபண்டுகளுக்குக் கணக்கு வைக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் நிறுவனத்தின் பதிவேட்டில் நம் பான் எண்ணில் இருக்கின்றன, எல்லா ஃபண்டையும் ஒரே இடத்தில் காட்டும் எம்.எஃப்.சென்ட்ரல் தளத்தில் என் ஃபோலியோக்கள் (ஃபண்ட் கணக்குகள்) அப்படியே தெரிந்தன. டீமேட்டில் வாங்கியிருந்தால், புரோக்கரை மாற்றும்போது யூனிட்டுகளையும் முறைப்படி மாற்ற வேண்டும். பழைய ரெகுலர் யூனிட்டுகளை உடனே டைரக்டுக்கு மாற்றவில்லை. அது விற்று வாங்குவதாகவே கணக்காகும். எக்ஸிட் லோடு (சீக்கிரம் விற்றால் பிடிக்கும் கட்டணம்), வரி இரண்டையும் பார்க்க வேண்டும். புது எஸ்.ஐ.பி.யை மட்டும் டைரக்டில் தொடங்கினேன்.

இப்போதைய ஆப்பில் ஒரே குறை, தமிழ் இல்லை. அம்மா இன்னும் சீட்டுதான் கட்டுகிறார், இந்தத் திரை அவருக்குப் புரியாது. அதனால் அவரை நாமினியாகப் போட்டு, ஃபோலியோ எண்களை ஒரு நோட்டில் தமிழில் எழுதி, சீட்டுப் புத்தகத்தோடு பீரோவில் வைத்திருக்கிறேன்.