கொல்லிமலை போகிறவர்களுக்கு: அடிவாரத்தில் கைகாட்டினால் நிற்காதீர்கள்

திருவண்ணாமலையில் கிரிவலம் முடித்து, சேலம், இராசிபுரம் வழியாகக் கோபிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரியப்பா குடும்பமும் எங்கள் குடும்பமும் சேர்ந்து 11 பேர், ஒரு வாடகை வேன். போகிற வழியில் கொல்லிமலை ஏறி ஆகாய கங்கை அருவியைப் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் பல வருச ஆசை.

காரவள்ளி சோதனைச் சாவடிக்குச் சற்று முன்னால் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். "ஏனுங்க, இந்த வேன் மேல ஏறாதுங்க. 70 கொண்டை ஊசி வளைவு. நேத்துத்தான் ஒரு வண்டி சரிஞ்சுது. இனிமே விடக்கூடாதுன்னு உத்தரவுங்க." பக்கத்திலேயே இரண்டு ஜீப் தயாராக நின்றன. போக வர 7,000 ரூபாய், முழுப் பணமும் முன்னாலேயே. வண்டி சரிந்தது என்றதுமே பெரியம்மா நடுங்கிப்போனார். எங்கள் டிரைவர் அண்ணன் மட்டும், "சாவடியில ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க" என்றார். அவர் பேச்சைக் கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தது நான்தான்.

சில வளைவுகள் தாண்டியதும், எங்களுக்கு முன்னால் அரசு பஸ் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது! நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஸ் போய்வரும் மலை அது. பஸ் திரும்பும் வளைவில் வேன் திரும்பாதா என்று கேட்டேன். ஜீப் ஓட்டியவர் வாயே திறக்கவில்லை.

அதன்பிறகு தேன் கடை, மிளகுக் கடை, இன்னொரு மிளகுக் கடை. "நேரம் இருக்குதுங்க, பாத்துட்டு வாங்க" என்று ஒவ்வொன்றிலும் இறக்கிவிட்டார். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில், அருவிக்குப் படி தொடங்கும் இடத்துக்கு வந்தபோது வனத்துறைச் சீட்டு கொடுப்பவர் எழுந்துவிட்டார். "இனி இறங்க விடமாட்டமுங்க. நேரத்தோட வந்திருக்கோணும்." அம்மா ஒன்றுமே பேசாமல் கோயில் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். ஜீப்காரரோ காத்திருந்ததற்கு இன்னும் 1,000 ரூபாய் கேட்டார். தரமுடியாது என்றதும் இரண்டு ஜீப்பும் எங்களை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டன.

டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டோம். ஏறாது என்ற அதே வேன், அதே 70 வளைவும் ஏறி வந்து நின்றது. சாவடியில் அவரை யாரும் தடுக்கவில்லை. அப்படி ஒரு உத்தரவே கிடையாது என்று அங்கேயே சொன்னார்களாம்.

செம்மேட்டில் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் காலையில் முதல் ஆளாக இறங்கினோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு கொட்டுகிறது. பாறையில் மோதித் தெறிக்கிற சாரல் தூரத்திலேயே முகத்தை நனைத்துவிடுகிறது. அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி கடைசிப் படி வரைக்கும் வந்துவிட்டார். (முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள். திரும்ப ஏறுவதுதான் கஷ்டம்.)

ஆடிப் பதினெட்டை ஒட்டி, இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி மன்னனுக்கு எடுக்கும் விழாவுக்குக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். கைகாட்டுகிறவர்களும் அப்போது கூடுதலாக நிற்பார்கள். நிறுத்தாமல் நேரே சாவடிக்குப் போய், வண்டி ஏறுமா, அருவி திறந்திருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். பலத்த மழையென்றால் உண்மையாகவே மூடுவார்கள், அதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். கடைகளுக்குத் திரும்பும்போது போய்க்கொள்ளலாம், முதலில் அருவி.